மலைத் தண்ணீருக்கு ஆர்.ஓ. மெஷின்: வாங்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

ஊட்டி கமர்ஷியல் சாலையில் வீட்டு உபயோகப் பொருள் கடைக்குள் போய் "தண்ணி ஃபில்டர் வேணும்" என்றால் முதலில் காட்டுவது ஒரே மாதிரி மெஷினைத்தான். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் கடைகளிலும் அப்படியே. 8 லிட்டர் டேங்க், ஆர்.ஓ. மெம்பரேன் (உப்பைப் பிரிக்கும் சவ்வு), யூ.வி. (புற ஊதா) விளக்கு, யூ.எஃப். (நுண்துளை இழை வடிகட்டி), டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) கன்ட்ரோலர், கடைசியில் ஒரு மினரல் கார்ட்ரிட்ஜ். விலை பெரும்பாலும் 12,000 முதல் 18,000 ரூபாய்க்குள். பிராண்ட் எதுவானாலும் மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான்: 24 வோல்ட் பூஸ்டர் பம்ப், 75 அல்லது 80 ஜி.பி.டி. (நாளுக்கு எத்தனை கேலன் என்ற அளவு) மெம்பரேன், சொலினாய்டு (மின்) வால்வு, கழிவு நீரை அளவோடு விடும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர், பம்புக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். போர்டு. ஆகவே இந்த மதிப்பீடு ஒரு பிராண்டுக்கு இல்லை, இந்த வகை மெஷினுக்கே. உப்புத் தண்ணீர் வரும் சமவெளி ஊர்களில் இதற்கு 5-க்கு 4 தாராளமாகக் கொடுக்கலாம். மலையில் ஒன்றரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

காரணம் மெம்பரேனிலேயே இருக்கிறது. இது உப்பைப் பிரிக்க உருவான பொருள். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35,000 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது. அந்த உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும் சவ்வூடு அழுத்தம் சுமார் 27 பார் (ஒரு பார் ஏறக்குறைய காற்று மண்டல அழுத்தம்). அதைத் தாண்டித் தள்ளினால்தான் மெம்பரேனின் மறுபக்கம் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் வரும். அதனால் கடல்நீர் ஆலைகளில் 55 முதல் 70 பார் வரை பம்ப் அழுத்தம் கொடுக்கிறார்கள். வீட்டு மெஷினின் பம்ப் தருவது 4 முதல் 6 பார். "இந்த மெஷினைக் கடற்கரையில் வைத்தால் கடல்நீரைக் குடிக்கலாமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் அதிலேயே இருக்கிறது: பம்ப் ஓடும், உள்ளே போனதெல்லாம் கழிவுக் குழாய் வழியாகவே வெளியேறும். வீட்டு மெஷின்களின் எல்லை பெரும்பாலும் 2,000 டி.டி.எஸ்.

கடல்நீரைக் குடிநீராக்குவது இன்று தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலை 2010-இலும், நெம்மேலியில் அதே அளவு ஆலை 2013-இலும் வந்தன. நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டரில் இரண்டாவது ஆலை 2024-இல் திறக்கப்பட்டது. இவ்வகை நவீன ஆலைகளில் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் பிடிக்கும். இயற்பியல் விதிப்படி இதை முக்கால் யூனிட்டுக்கும் கீழே கொண்டுபோக வழியில்லை. பாதித் தண்ணீரை மீட்கும் ஆலைக்கு அந்த அடிமட்டம் சுமார் ஒரு யூனிட். வெளியேறும் அடர்ந்த உப்புநீரில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை வாங்கி, உள்ளே வரும் கடல்நீருக்கே மாற்றிக் கொடுக்கும் கருவி வந்த பிறகுதான் செலவு இந்த அளவுக்கு இறங்கியது. மீஞ்சூர் ஆலைக்கு ஒப்பந்தம் போட்டபோது பேசிய விலை 1,000 லிட்டருக்கு 50 ரூபாய்க்குச் சற்றுக் கீழே.

கோடையில் அணைகள் வற்றும்போது, "கடல்நீரைச் சுத்திகரித்து மலைக்குக் கொண்டுவந்தால் என்ன?" என்ற பேச்சு இங்கேயும் எழும். மெம்பரேனுக்கு ஆகும் செலவை விட மலை ஏற்றும் செலவே அதிகம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். 1,000 லிட்டரை அங்கே தூக்க, உராய்வே இல்லாவிட்டாலும் 6.1 யூனிட் வேண்டும். 70 சதவீதத் திறன் கொண்ட பம்ப் என்றால் கிட்டத்தட்ட 9 யூனிட். கடலிலிருந்து உப்பைப் பிரிப்பதற்கு ஆகும் மின்சாரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல், வெறும் ஏற்றுவதற்கு மட்டும். கொடைக்கானல் 2,133 மீட்டர். கணக்கு பெரிதாக மாறாது. ஏற்கெனவே மேலே பெய்த மழையைக் காப்பதைவிட மலிவான குடிநீர் மலைக்குக் கிடையாது.

அந்த மழைத் தண்ணீர் எப்படிப்பட்டது? ஊட்டிக்குப் பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து, டைகர் ஹில், குன்னூருக்கு ரேலியா அணை, கோத்தகிரிக்கு ஈளாடா, கொடைக்கானலுக்கு மனோரஞ்சிதம், குண்டாறு. இவை மேல்மட்ட நீர்ப்பிடிப்புகள். சோலையும் புல்வெளியும் சேற்றுநிலமும் வடித்துத் தரும் நீர். எளிதில் கரையாத பாறை, மழையால் நன்கு அலசப்பட்ட செம்மண், அதனால் கரைந்த உப்பு மிகக் குறைவு. டி.டி.எஸ். பேனாவை வைத்தால் வழக்கமாக 100-க்குள்தான் காட்டும். இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு 500. 500-க்குக் கீழே உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. கூடாது என்று 2019 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது. 60 டி.டி.எஸ். தண்ணீரின் சவ்வூடு அழுத்தம் 0.05 பாருக்கும் கீழே. பிரிக்க உப்பே இல்லாத தண்ணீருக்கு உப்புப் பிரிக்கும் மெஷின்.

விற்பனைக்கு வருபவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு டம்ளர், நான்கு கம்பி, ஒரு பிளக். ஒரு டம்ளரில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர். கரன்ட் கொடுத்ததும் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, பச்சையாகி, மேலே நுரை கட்டும், ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருக்கும். "பார்த்தீங்களா, நீங்க குடிக்கிற அழுக்கு!" அந்த நிறம் தண்ணீரிலிருந்து வரவில்லை. கம்பிகளில் ஒரு ஜோடி இரும்பு. மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு கரைந்து துருவாகிறது. உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் பாயாது, அதனால் அங்கே கம்பி கரையவில்லை. அந்த ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போட்டுவிட்டு மறுபடி பிளக்கைச் செருகச் சொல்லுங்கள், அதுவும் பழுக்கும். இந்தச் சோதனை கிருமியையும் காட்டாது, பூச்சிமருந்தையும் காட்டாது.

இனி மெஷின் மலையில் ஓடும் விதம். மெம்பரேனின் திறன் 25 டிகிரி தண்ணீருக்குக் குறிக்கப்படுவது. அதிலிருந்து தண்ணீர் ஒவ்வொரு டிகிரி குளிரும்போதும் உற்பத்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். 75 ஜி.பி.டி. என்றால் 25 டிகிரியில் மணிக்கு சுமார் 12 லிட்டர். மார்கழி, தை மாதத்தில் ஊட்டி டேங்கில் தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கும்போது அது ஏழரை லிட்டர்தான். "மெம்பரேன் அடைச்சுப் போச்சு, மாத்தணும்" என்று குளிர்காலத்தில் வரும் சர்வீஸ் பில்களில் ஒரு பகுதி இந்த ஏழரை லிட்டருக்குத்தான். மாற்றும் முன் பார்க்க வேண்டியது வெளியே வரும் தண்ணீரின் டி.டி.எஸ். உள்ளே போவதில் 5 முதல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் மெம்பரேன் நலமாக இருக்கிறது. குளிர் மட்டுமே காரணம். ஏப்ரல் வரை பொறுத்தால் தானே சரியாகும்.

கழிவின் அளவை நிர்ணயிப்பது ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர். 450 என்று அச்சிட்டிருந்தால் நிமிடத்துக்கு சுமார் 450 மில்லி, அதாவது மணிக்கு 27 லிட்டர் சாக்கடைக்குப் போகும். நல்ல தண்ணீர் குறைந்தாலும் இது அதிகம் குறையாது. ஆகவே குளிரில் 1 லிட்டர் குடிக்க மூன்றரை லிட்டர் வீண். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் எடுக்கும் வீட்டில் நாளுக்கு 72 லிட்டர், மாதத்துக்கு 2,000 லிட்டருக்கு மேல். இரண்டு பெரிய சின்டெக்ஸ் டேங்க். குழாய்த் தண்ணீர் பல நாள் தள்ளி வரும் கோடையில், லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்து அதைச் சாக்கடைக்கு விடுவது போல இது. உப்பு குறைந்த தண்ணீரில் மெம்பரேனில் சுண்ணாம்பு படியும் பயம் இல்லாததால் 450-ஐக் கழற்றி 300 போடலாம். சில நூறு ரூபாய்க்குள் முடியும். வெளியூர் கம்பெனி கிட்டில் வரும் 450-ஐ மலையில் யாரும் அப்படியே விட்டுவைக்க வேண்டியதில்லை.

மின்சாரக் கணக்கு இன்னும் கசப்பானது. பம்ப், எஸ்.எம்.பி.எஸ்., யூ.வி. எல்லாம் சேர்த்து 40 வாட் என்று வையுங்கள். மணிக்கு ஏழரை லிட்டர். 1,000 லிட்டருக்கு 5 யூனிட்டுக்கு மேல். 35,000 டி.டி.எஸ். கடல்நீரைக் குடிநீராக்க நெம்மேலி போன்ற ஆலைக்கு ஆவதைவிட, 60 டி.டி.எஸ். மலைத் தண்ணீரை வீட்டு மெஷினில் விட அதிக மின்சாரம். கரன்ட் பில்லில் இது தெரியாது, ஏனென்றால் நாளுக்கு 20 லிட்டர்தான். ஆண்டுச் செலவில் தெரியும்: ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) 4,000 ரூபாய், 14,000 ரூபாய் மெஷின் 7 வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 2,000. ஆக 6,000 ரூபாய்க்கு 7,300 லிட்டர். 1,000 லிட்டர் 820 ரூபாய்.

டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற திருகு தனியாகக் கவனிக்க வேண்டியது. மெம்பரேன் வழியாக வந்த 5 டி.டி.எஸ். தண்ணீர் சப்பென்று இருக்கும். உப்போடு சேர்ந்து அதைத் தாங்கும் காரத்தன்மையும் போய்விடுவதால், கரைந்த கரியமில வாயுவே பி.எச்.-ஐ இறக்கி லேசான அமிலமாக்கும். சர்வீஸ்காரர் வந்து திருகைத் திருப்பி "50-க்கு செட் பண்ணிட்டேன்" என்பார். குழாயில் 60, மெம்பரேனில் 5, கலவை 50 வர வேண்டுமானால் ஐந்தில் நான்கு பங்கு மெம்பரேனைத் தொடாத குழாய்த் தண்ணீராகவே இருக்க வேண்டும். வாங்கிய மெஷினின் விலையுயர்ந்த பாகத்தை அந்தத் திருகு சுற்றி வளைத்துப் போகிறது. அந்தக் கலவை யூ.எஃப்., யூ.வி. இரண்டையும் தாண்டித்தான் டேங்குக்கு வருகிறதா என்று குழாயைத் தொட்டுத் தொடர்ந்து பாருங்கள். சில மாடல்களில் யூ.வி.க்குப் பிறகு கலக்கிறது. அப்படியானால் சுத்திகரிக்காத தண்ணீரைத்தான் குடிக்கிறீர்கள்.

சரிவில் கட்டிய வீடுகளுக்கு அழுத்தம் ஒரு பிரச்சினை. ஒரு மீட்டர் உயர வித்தியாசத்துக்கு 0.1 பார். வீட்டு மாடி டேங்க் என்றால் 0.3 பார், சில மெஷின்களின் லோ பிரஷர் ஸ்விட்ச் அதற்கு விழாது, மெஷின் ஓடாது. மேட்டில் இருக்கும் பொது டேங்கிலிருந்து 80 மீட்டர் கீழே உள்ள வீடு என்றால் 8 பார். இரவில் யாரும் குழாய் திறக்காதபோது முழு அழுத்தமும் ஃபில்டர் பவுலில் (ஃபில்டர் உட்காரும் பிளாஸ்டிக் கிண்ணம்) நிற்கும். 10 அங்குல பவுல்களில் பெரும்பாலானவை தாங்கும் எல்லையே அவ்வளவுதான். விடியற்காலை சமையலறையில் வெள்ளம் என்ற புகார் இப்படித்தான் வருகிறது. பவுலுக்கு முன்னால் பிரஷர் ரெடியூசிங் வால்வு போட்டு 2 பாருக்கு இறக்குங்கள்.

தலைக்குந்தா போன்ற உறைபனி விழும் பள்ளங்களில் மெஷினை வெளிச்சுவரிலோ தகரக் கொட்டகையிலோ மாட்டக் கூடாது. உறைந்த தண்ணீர் விரிந்து பவுலும் குழாய் எல்போவும் விரிசல் விடும். மெம்பரேன் உறைந்தால் அதன் பிறகு நம்ப முடியாது. அடுப்புப் பக்கத்து உட்சுவர்தான் இடம். ஆடி மாத மூடுபனியில் எஸ்.எம்.பி.எஸ். போர்டு பச்சை பூத்துப் போவதும் வழக்கம்.

மலைத் தண்ணீருக்கு உண்மையில் இருக்கும் குறைகள் வேறு. மழைக்கால வண்டல், மேலே மாடும் மனிதரும் திரிவதால் வரும் கிருமி, சில ஊற்றுகளில் இரும்பு, சோலை மட்கிலிருந்து வரும் டீ நிறம். இந்த நான்கில் எதற்கும் ஆர்.ஓ. முதல் மருந்து இல்லை. வண்டலும் இரும்பும் மெம்பரேனையே கொல்லும்.

வாங்க வேண்டியது இதுதான்: டேங்கிலிருந்து வரும் லைனில் 20 அங்குல ஜம்போ பவுலில் 5 மைக்ரான் ஸ்பன் ஃபில்டர் (நாரால் ஆன வண்டல் வடிகட்டி), அதன் பின் கார்பன், பிறகு யூ.எஃப்., கடைசியில் 11 வாட் யூ.வி. யூ.எஃப். இழைகளின் துளை 0.01 முதல் 0.1 மைக்ரான், பாக்டீரியா தாண்டாது. கழிவு என்று தனியே இல்லை, அவ்வப்போது பின்னோக்கி அலசினால் போதும். இந்த வரிசையை மலைக்கு 5-க்கு 4 என்று சொல்வேன். ஸ்பன் ஃபில்டரை கோடையில் மூன்று மாதத்துக்கு ஒன்று, தென்மேற்குப் பருவமழையில் மூன்று வாரத்துக்கு ஒன்று என்று மாற்றும்படி ஆகும். பிரஷ் போட்டுத் தேய்த்து மறுபடி போடாதீர்கள். நார் பிரிந்து நடுவில் வழி விடும். யூ.வி.யை மட்டும் தனியாக வாங்குவது தவறு. டீ நிறத் தண்ணீர் அந்த 254 நானோமீட்டர் ஒளியை விழுங்கிவிடும், குவார்ட்ஸ் குழாயில் இரும்பு படிந்தாலும் அப்படியே. விளக்கு நீலமாக எரிவது வேலை செய்வதற்கு அடையாளம் இல்லை. சுமார் 9,000 மணி நேரம் எரிந்ததும் மாற்றிவிட வேண்டும்.

மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரன்ட் போகும் ஊர்களுக்கும், எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் 2,000–3,000 ரூபாய் கிராவிட்டி யூ.எஃப். ஃபில்டரே நல்லது. குளிரில் தண்ணீர் கெட்டிப்படுவதால் அதுவும் மெதுவாகும், 25 டிகிரியில் விழுவதில் மூன்றில் இரண்டு பங்குதான் 10 டிகிரியில் விழும். இரவிலேயே நிரப்பி வையுங்கள்.

கலங்கலுக்குப் படிகாரம் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. படிகாரம் வேலை செய்யக் காரத்தன்மை வேண்டும். மலைத் தண்ணீரில் அது மிகக் குறைவு. சமவெளியில் போடும் அளவையே போட்டால் பஞ்சு போலத் திரளாமல் தண்ணீர் புளித்துவிடும். ஒரு சிட்டிகை சுண்ணாம்பைக் கரைத்து முதலில் விட்டால் திரளும். இரும்புக்கு, உயரத்திலிருந்து தண்ணீரைத் தெளித்து விழவிட்டு ஓர் இரவு நிற்கவைத்து மேல்நீரை எடுப்பது போதும்.

டேங்கில் கிருமியைக் கொல்லப் பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம், தனியே கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி என்று சொல்வது வெதுவெதுப்பான ஊருக்கு. இங்கே ஒரு மணி நேரம் விடுங்கள். ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் டேங்குக்குக் குளோரின் போட்டால் கார்பனை முதலில் புதுப்பிக்க வேண்டும், குளோரின் மெம்பரேனின் பாலியமைடு படலத்தைத் தின்றுவிடும்.

கொதிக்க வைப்பது இன்றும் குறையில்லாத வழி. ஊட்டியில் தண்ணீர் 92–93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் 2,000 மீட்டருக்கு மேலே முழுக் கொதி வந்தபின் 3 நிமிடம் விட வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்கு ஒரு நிமிடம் போதுமானாலும் இரண்டு விட்டால் நஷ்டமில்லை.

ஆர்.ஓ. தேவைப்படும் வீடுகளும் மலையில் உண்டு. கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்குக் கீழே இருக்கும் கிணறும் ஊற்றும் உரத்தின் நைட்ரேட்டை வாங்கும். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கொதித்தால் அது போகாது, அடர்வு கூடும். யூ.எஃப்., யூ.வி. இரண்டும் அதைத் தொடாது. அங்கே ஆர்.ஓ. வாங்குங்கள், பூச்சிமருந்துக்காகக் கார்பனையும் காலத்தில் மாற்றுங்கள். அடிவாரத்து உப்பு போர்வெல்லுக்கும் இதே பதில். எதுவானாலும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து நைட்ரேட், இரும்பு, கலங்கல், ஈ.கோலை நான்கையும் எழுதி வாங்கிய பிறகே கடைக்குப் போங்கள். வீட்டில் கிருமி பார்க்கும் எச்.2.எஸ். குப்பியை (கிருமி இருந்தால் தண்ணீர் கறுக்கும்) சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு "கறுக்கவில்லை" என்று நிம்மதி அடையக் கூடாது. 15 டிகிரியில் பாக்டீரியா வளராமலே இருக்கும். துணியில் சுற்றி, வெதுவெதுப்பான இடத்தில் 48 மணி நேரம் வைத்தால்தான் விடை நம்பத்தக்கது.

ஏற்கெனவே ஆர்.ஓ. வாங்கி மாட்டிவிட்டவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். தண்ணீர் மென்மையானது, நைட்ரேட் இல்லை என்று ஆய்வகச் சீட்டு இருந்தால், மெம்பரேன் ஹவுசிங்கையும் ரெஸ்ட்ரிக்டரையும் கழற்றி, கார்பனிலிருந்து கால் அங்குலக் குழாயை நேராக யூ.எஃப்.க்கும் அங்கிருந்து யூ.வி.க்கும் கொடுத்துவிடலாம். கழிவு லைனையும் டி.டி.எஸ். கன்ட்ரோலரையும் எண்ட் பிளக்கால் அடைக்க வேண்டும். பம்பையும் நீக்குங்கள், அதன் 5 பார் அழுத்தத்தில் சின்ன யூ.எஃப். கார்ட்ரிட்ஜ் வெடிக்கும். சொலினாய்டு வால்வையும் ஃப்ளோட் ஸ்விட்சையும் மட்டும் தொடாதீர்கள். டேங்க் நிறைந்ததும் தண்ணீரை நிறுத்துவது அவை இரண்டும்தான், கழற்றினால் இரவெல்லாம் வழியும். மாற்றிய முதல் 10 லிட்டரைக் கீழே விடுங்கள். அதன் பிறகு டி.டி.எஸ். பேனா குழாய்த் தண்ணீரில் காட்டிய அதே எண்ணைக் காட்டும், அதுதான் சரி.